தபால்கார நாயின் மீசை

வளைகுடாவிலிருந்து திரும்புகிறவன் என்ன கொண்டுவருவான் என்று அறந்தாங்கியில் எல்லோருக்கும் தெரியும். தங்கம், கம்பளி, தைல பாட்டில், பால்பவுடர் டின், பிள்ளைகளுக்குச் சாக்லேட். முகமது இப்ராஹிம் ஷார்ஜாவிலிருந்து ஒரேயடியாக ஊருக்கு வந்தபோது, அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகக் கார்ட்டூன் டிஸ்க்குகளைக் கொண்டுவந்தான். வேனிலிருந்து இறக்கும்போது கூடி நின்ற சொந்தக்காரர்களின் முகமெல்லாம் மலர்ந்திருந்தது. முதல் பெட்டியைப் பிரித்ததும் வாடிவிட்டது. ஒரு பெரியவர் டிஸ்க் ஒன்றை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "இதைத் திங்கவும் முடியாது, உடுத்தவும் முடியாது. இதுக்கா இத்தனை வருசம் அங்கிட்டுக் கெடந்தே?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் கேட்டதிலும் தப்பில்லை.

அங்கே அவன் வேலை பார்த்தது ஒரு மலையாளி முதலாளியின் வீடியோ கடையில். ஜனங்கள் எல்லாவற்றையும் போனிலேயே பார்க்க ஆரம்பித்தபிறகு கடைக்கு ஈ காக்கை வரவில்லை. மூடுகிற அன்று, "வேணுங்கறதை எடுத்துக்கோ" என்று முதலாளி சொன்னார். மற்றவர்கள் டிவியையும் ஸ்பீக்கரையும் தூக்கினார்கள். இவன் நேராகப் பழைய கார்ட்டூன் அலமாரிக்குப் போனான். ஆளுக்கொரு கிறுக்கு இருக்கும், இவனுக்கு இது.

கிறுக்கு என்றாலும் சாதாரணக் கிறுக்கு இல்லை. அந்தக் கார்ட்டூன்களெல்லாம் அவனுடைய பாட்டன் காலத்தில் யார் யாரோ கையால் வரைந்து பிலிமில் எடுத்தவை. பிலிமில் தூசியும் கீறலும் சேர்ந்துவிட்டதால், புதுப்பிக்கிறேன் பேர்வழி என்று இப்போது கம்ப்யூட்டரில் விட்டுத் துடைக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? மெல்லிசாக ஒரு கோடு வேகமாக நகர்ந்தால் அது கீறல் என்று முடிவுகட்டி வழித்தெடுத்துவிடும். பூனை ஓடினால் வால்நுனி காணாமல் போகும். முயல் தலையை ஆட்டினால் காதின் ஓரம் அறுந்து மறுபடி ஒட்டும். இன்னும் சில கம்பெனிக்காரர்கள் இருட்டுக் காட்சிகளை அட்டைக் கரியாக்கிவிடுவார்கள். சதுரமாக இருந்த படத்தை இன்றைய நீள டிவிக்குப் பொருத்துகிறேன் என்று ஓரங்களை வெட்டித் தள்ளுவார்கள். பெட்டியின் மேல் மட்டும் 'புதுப்பொலிவுடன்' என்று தங்க எழுத்து மின்னும். இந்தக் கோளாறுகளைக் கண்டுபிடிப்பதில் இப்ராஹிம் கெட்டிக்காரன்.

வாங்கிய டிஸ்க்கைத் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுகிறவர்களைச் சமாளிக்க முதலாளி அவனுக்கு ஒரு பாடம் சொல்லியிருந்தார். புகார் சொல்கிறவனின் கண்ணை ஒருநாளும் சந்தேகப்படாதே, குறை டிஸ்க்கில்தான் இருக்கும். நீ அதே படத்தைப் பத்துத் தடவை பார்த்தவன், படத்தில் இல்லாத கோட்டையும் உன் மனசே போட்டுக்கொள்ளும். முதல்முதலாகப் பார்க்கிறவனுக்குத்தான் உள்ளது உள்ளபடி தெரியும். இந்தப் பாடத்தை இப்ராஹிம் கலிமாவுக்கு அடுத்தபடியாக வைத்திருந்தான். கடையில் அது ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை, அதுதான் வினையாகப் போயிற்று.

ஊருக்கு வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை போட்டான். வீட்டில் மனைவி ரமீஜா, அவனுடைய சொந்த மாமன் மகள். ஒரே பிள்ளை சாமியா, அப்போது மூன்றாம் வகுப்பு. லீவுக்கு வந்துபோன தகப்பனை அவள் விருந்தாளியாகத்தான் பார்த்திருந்தாள். வந்த புதிதில் ஒருநாள் அடுப்படியில் அவள் தாயிடம், "அவுக எப்ப திரும்பிப் போவாக?" என்று கேட்டது இப்ராஹிம் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பொம்மை வாங்கிக் கொடுத்தான், சைக்கிள் வாங்கிக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு ரமீஜாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள். ஒருநாள் அவன் தன்பாட்டுக்குத் தபால்கார நாய் கார்ட்டூனைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஓடும் நாய், அவ்வளவுதான் கதை. கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த சாமியா திடீரென்று சொன்னாள்: "அந்த நாய்க்கு மீசை வந்து வந்து போகுது."

இப்ராஹிம் படத்தை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, மறுபடி போட்டான். நாய் நிற்கும்போது மீசை இருந்தது. ஓடும்போது இல்லை. கம்ப்யூட்டர் அதைக் கீறல் என்று வழித்திருக்கிறது. இத்தனை வருடம் அந்தப் படத்தைப் பார்த்தும் அவன் கண்ணில் படாத குறை அது.

"எப்டிம்மா கண்டுபிடிச்சே?"

"தெரியுதுல்ல அத்தா."

அத்தா என்று அவள் அவன் முகத்தைப் பார்த்துக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அவளும் இறங்கிப் போகவில்லை.

அதற்குப்பிறகு தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இருவருக்கும் அதுவே விளையாட்டு. டிவிக்கு முன்னால் உட்கார்ந்து கோடு அறுகிற இடம் வந்தால் சாமியா, "போச்சு!" என்று கைதட்டிக் கத்துவாள். இப்ராஹிம் அதை இங்கிலீஷில் எழுதி, உலகம் பூராவும் இருக்கிற பழைய கார்ட்டூன் பைத்தியங்களின் இணையக் குழுவில் போடுவான். குழுவில் அவளுக்கு 'அறந்தாங்கிக் கண்' என்றே பேர் வைத்துவிட்டார்கள். மீசைச் சமாசாரத்துக்கு அந்தக் கம்பெனிக்காரனே மன்னிப்புக் கேட்டு எழுதினான். அதைக் கடைக்கு ரீசார்ஜ் பண்ண வந்தவர்களுக்கெல்லாம் இப்ராஹிம் காட்டினான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள், இவன் குஞ்சுக்கு வெளிநாட்டுச் சான்றிதழ் வேறு கிடைத்துவிட்டது.

மறுவருடம் புதுசாக ஒரு செட் வரவழைத்தான். அதில் ஒரு காட்டுக் கார்ட்டூன் இருந்தது. நடு ராத்திரிக் காடு, ஒரு கிழட்டு மரம், மரத்தில் ஓர் ஆந்தை, கீழே வழி தெரியாமல் அலையும் நரிக்குட்டி.

"அத்தா, இது சரியில்ல. கருப்பாத்தான் இருக்கு."

"மரத்துல ஆந்தை தெரியுதாம்மா?"

"ஆந்தையா? அங்கிட்டு ஒண்ணுமே இல்ல."

இப்ராஹிமுக்கு ஆந்தை தெரிந்தது. ஆனால் அவன் அந்தப் படத்தை ஷார்ஜாவில் எத்தனையோ தடவை பார்த்தவன். முதலாளியின் பாடம் ஞாபகம் வந்தது. நம் மனசுதான் ஆந்தையை உட்கார வைக்கிறது, பிள்ளை கண்ணுக்கு உள்ளது உள்ளபடி தெரிகிறது என்று நினைத்தான். 'இருட்டைக் கரியாக்கிவிட்டார்கள்' என்று குழுவில் எழுதிப்போட்டான்.

கொஞ்ச நாளில் சாமியா வேறு புகார்களும் சொன்னாள். நரிக்குட்டி நடக்கும்போது தரையில் கிடக்கும் பழம் தெரியவில்லை. ஓரத்திலிருந்து கரடி வருவது தெரியவில்லை, திடீரென்று நடுவில் குதிக்கிறது. இப்ராஹிம் தொடையைத் தட்டினான். "ஓரத்தை வெட்டிப்புட்டானுங்க! நாலு பக்கமும் வெட்டியிருக்கானுங்க, பாரேன்!"

ரமீஜாவுக்கு டிஸ்க்கும் தெரியாது, கோடும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மகள் அந்தியில் மக்ரிப் பாங்கு சொன்னபிறகு சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதும், வாசற்படியில் கால் இடறி விழுவதும்தான். தாம்பாளத்தில் வைத்த டம்ளரைக் கையால் தட்டிவிட்டாள் என்று முதுகில் ஒன்று வைத்ததும் உண்டு. வைத்தபிறகு அவளுக்கே மனசு கேட்கவில்லை. மாலைக்கண்ணாக இருக்குமோ என்று முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலுமாக ஆக்கிப்போட்டாள்.

"மச்சான், புள்ளைக்கு இருட்டுனா ஒண்ணும் புரிய மாட்டேங்குது. கண்ணு டாக்டருகிட்ட ஒரு எட்டு காட்டிட்டு வந்துருவமா?"

"யாரு, சாமியாவுக்கா? நாயோட மீசையைக் கண்டுபிடிச்ச கண்ணுடி அது! வெள்ளைக்காரனே மன்னிப்புக் கேட்டுருக்கான். ஒனக்கு வேணா கண்ணாடி வாங்கித் தாரேன், வா."

"சும்மா வெளையாடாதீங்க மச்சான்."

"விளையாடல. ஓடுற புள்ள விழத்தான் செய்யும்."

பள்ளிக்கூடத்தில் சித்தன்னவாசலுக்கு டூர் கூட்டிப்போனார்கள். முழங்காலில் சிராய்ப்போடு திரும்பி வந்தாள். குகைக்குள் நுழையும்போது படி தெரியவில்லையாம்.

"ஓவியம் எப்டிம்மா இருந்துச்சு?" என்று கேட்டான் இப்ராஹிம்.

"ஒண்ணுமே இல்லத்தா. மேல கருப்பாத்தான் இருந்துச்சு. எல்லாப் புள்ளைகளும் தாமரை தாமரைன்னு கத்துனாளுக. நானும் கத்துனேன்."

"அங்கிட்டும் எவனோ புதுப்பிக்கிறேன்னு மிஷினை விட்டுத் தேய்ச்சுப்புட்டான் போலருக்கு!" என்று சொல்லி இப்ராஹிம் விழுந்து விழுந்து சிரித்தான். அத்தா சிரிப்பதைப் பார்த்து சாமியாவும் சிரித்தாள். ரமீஜா சிரிக்கவில்லை. மருந்து தடவிய பஞ்சை முழங்காலில் கொஞ்சம் அழுத்தியே வைத்தாள்.

சொல்லிச் சொல்லிக் காட்டியும் புரியாதவனை என்ன செய்வது? நரிக்குட்டி டிஸ்க்கைப் பற்றி அவன் எழுதியதற்குக் குழுவில் யாருமே ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, ஆந்தை தெரிகிறது, கரடி தெரிகிறது என்றார்கள். இவன் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஆசியாவுக்கு மட்டும் மட்டமான டிஸ்க்கை அனுப்பி ஏமாற்றுகிறார்கள் என்று காய்ச்சியெடுத்தான். என் மகள் கண் பொய் சொல்லாது என்றும் எழுதினான். கடைசியில் ஒருவர் பொறுமையாகச் சொன்னார்: "அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, போனில் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். எல்லோரும் பார்த்துவிடுவோம்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, சாப்பிட்ட கையோடு அதற்கு உட்கார்ந்தான். வெளிச்சம் டிவிக் கண்ணாடியில் அடிக்காமலிருக்கத் திரைச்சீலையை இழுத்துவிட்டான். அன்று லீவு போட்டிருந்த சாமியா பக்கத்தில் வரும்போது முக்காலியில் மோதிக்கொண்டாள். "பாத்து வாம்மா" என்று சொல்லிவிட்டு, கிழட்டு மரம் வரும் இடத்தில் நிறுத்தினான். போனை நேராகப் பிடித்து ஒரு போட்டோ எடுத்தான்.

போட்டோவில் ஆந்தை இருந்தது.

இப்ராஹிம் போனைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தான். மறுபடியும் இருந்தது. இரண்டு கண்ணும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு, கொப்பின் நடுவில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. பழகிய மனசு இல்லாததை இட்டு நிரப்பும், சரி. போனுக்கு ஏது மனசு? இந்தப் படத்தை அது இதற்குமுன் எங்கே பார்த்தது?

"சாமியா, டிவியைப் பாரு. மரத்துல என்னம்மா இருக்கு?"

"ஒண்ணுமில்லத்தா. கருப்புத்தான்."

திரைச்சீலையை விலக்கினான். அறைக்குள் வெயில் வந்து விழுந்தது. மகளை நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச்சுவரில் தொங்கும் காலண்டரை மட்டும் பார்க்கச் சொன்னான். தன் கையை அவள் காதுக்குப் பக்கத்தில் நீட்டினான்.

"கண்ணைத் திருப்பாம சொல்லு தங்கம். அத்தா கை தெரியுதா?"

"இல்ல."

கையை மெள்ள முன்னால் கொண்டுவந்தான். கன்னத்தைத் தாண்டியது.

"இப்ப?"

"இன்னும் காட்டலியே நீங்க."

காலண்டரை மறைக்கிற அளவுக்குக் கை நடுவில் வந்தபிறகுதான் அவள், "ஆங், வந்துருச்சு!" என்று கைதட்டினாள். புது விளையாட்டு என்று நினைத்திருந்தாள். அடுப்படி வாசலில் ரமீஜா கரண்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் அவள் பார்த்துவிட்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"எத்தனை தரம் சொன்னேன் மச்சான்" என்றாள்.

மதுரையில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்காரவைத்து, புள்ளி புள்ளியாக விளக்குக் காட்டி, பகல் முழுக்கச் சோதித்தார்கள். அந்தி சாய்கிற நேரத்தில் ஒரு டாக்டரம்மா கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"மாமன் மக" என்றான் இப்ராஹிம்.

டாக்டரம்மா தலையை ஆட்டினார். விழித்திரையில் வருகிற நோய் என்றும், சொந்தத்தில் கட்டினவர்கள் பிள்ளைகளுக்கு இது வருவது கொஞ்சம் ஜாஸ்தி என்றும் சொன்னார். "முதல்ல இருட்டுல தெரியாமப் போகும். அப்புறம் ஓரத்துலேர்ந்து உள்ள சுருங்கிக்கிட்டே வரும். நடுப்பார்வை இன்னும் பல வருஷம் நிக்கலாம், அதைச் சரியா சொல்ல முடியாது. எப்பலேர்ந்து இப்படி இருக்கு?"

இப்ராஹிம் வாயைத் திறப்பதற்குள் சாமியாவே பதில் சொன்னாள். "நரிக்குட்டி டிஸ்க்கு வந்ததுலேருந்து. அத்தாதான் அது டிஸ்க்குல கோளாறுன்னாக."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இப்ராஹிமைப் பார்த்தார். கார்ட்டூன், கோடு, கம்பெனி, குழு என்று அவன் என்னென்னமோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டான். சொல்லச் சொல்ல அது அவனுக்கே கேவலமாக இருந்தது. மகள் ஒரு வருடமாக, "எனக்குக் கண் தெரியலத்தா" என்று தினமும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறாள். அவன் கைதட்டிப் பாராட்டியிருக்கிறான்.

"முன்னாடியே வந்திருந்தா..." என்று ரமீஜா இழுத்தாள்.

"முன்னாடியே வந்திருந்தாலும் இதை நிறுத்துற மருந்து இல்லம்மா. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க."

ஆறுதலாகத்தான் சொன்னார். ரமீஜாவுக்கு அது ஆறவில்லை. தட்டிவிட்ட டம்ளருக்காகப் பிள்ளையை அடித்த கையை அவள் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் சாமியா. திருப்பத்தூர் தாண்டும்போது வெளியே நன்றாக இருட்டியிருந்தது. அவள் கண்ணாடிக் கதவில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பார்க்கிறாய் என்று கேட்க இப்ராஹிமுக்குத் தைரியமில்லை. அவளாகத்தான் கேட்டாள்.

"அத்தா, அப்ப அந்த டிஸ்க்கெல்லாம் நல்ல டிஸ்க்கா?"

"ஆமாம்மா."

"நான் சொன்னதெல்லாம் தப்பா?"

"இல்ல தங்கம், தப்பு..." என்று ஆரம்பித்தான். அத்தனை ஜனத்துக்கும் நடுவில், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதான். பிள்ளை பயந்துபோய் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே சொல்ல மாட்டேன்த்தா, அழாதீங்க" என்றாள். குறையைச் சொன்னதால்தான் அத்தா அழுகிறார் என்று அவள் நினைத்துவிட்டாள். அது அப்போது அவனுக்குப் புரியவில்லை.

வந்தபிறகு இப்ராஹிம் டிவிப் பக்கமே போகவில்லை. குழுவில் அந்தக் கம்பெனியிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினான். காரணம் எழுதவில்லை. வீட்டுக்குள் மூலைக்கு மூலை பெரிய பல்பாக வாங்கி மாட்டினான். வாசற்படி ஓரத்தில் வெள்ளைப் பெயின்ட் அடித்தான். பெட்டிகளைக் கட்டிப் பரணில் போடப் போனபோது, சாமியா வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்த்தா நம்ம இப்பல்லாம் பாக்குறதே இல்ல? எம்மேல கோவமா?"

அவள் கையில் ஒரு டிஸ்க் இருந்தது. எங்கே எது இருக்கும் என்று அவளுக்குக் கைப்பாடம். தபால்கார நாய்.

சாயந்தரம், விளக்கையெல்லாம் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். பெரிய மீசையோடு நாய் கேட்டைத் திறந்து வெளியே வந்தது, பையைத் தோளில் மாட்டியது. இந்தக் குறை மெய்யான குறை. உலகத்தில் வேறு யாரும் சொல்வதற்குமுன் அவள் கண்டுபிடித்தது. அந்த இடம் நடுத்திரையில்தான் வரும், வெளிச்சக் காட்சி. இன்னும் அவளுக்குத் தெரியத்தான் வேண்டும். அவள் 'போச்சு' என்று ஒரே ஒரு தடவை கத்திவிட்டால் போதும் என்று அவன் அல்லாஹ்விடம் கேட்டான்.

நாய் ஓடத் தொடங்கியது. மீசை போனது, வந்தது, மறுபடி போனது.

சாமியா கத்தவில்லை. திரையிலிருந்து முகத்தைத் திருப்பி, அவன் முகம் தன் கண்ணுக்கு நேராக வரும்வரை தலையை அசைத்துத் தேடினாள். அவன் அழுகிறானா என்று பார்த்தாள்.

"நல்லாத் தெரியுதுத்தா. ஒரு குறையும் இல்ல."

மீசை போனதை அவள் பார்த்தாளா, பார்த்தும் சொல்லவில்லையா, இல்லை அதுவும் இப்போது தெரியவில்லையா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்டாலும் இனி அவள் உண்மையைச் சொல்லப்போவதில்லை. அவளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டான். மீசையில்லாத நாய் தெருத் தெருவாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஆமாந்தங்கம்" என்றான் இப்ராஹிம். "நல்ல டிஸ்க்கு."